ஐந்தாவது வெடி

வியாழக்கிழமை சாயந்திரம் நாலு மணி பத்து நிமிஷம். "இறங்கலாம்!" என்று கிணற்றங்கரையில் நின்று சத்தமாகச் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூசுகிறது. வாரா வாரம் ஊராரின் அசட்டுத்தனத்தை உங்களிடம் சொல்லிச் சிரித்தவன், சொந்த அசட்டுத்தனத்தை மட்டும் மறைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். கோடையில் கிணறு வற்றியதால் பாறையை வெடி வைத்து ஆழப்படுத்துகிறோம். பாறையில் துளை போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி பற்றவைப்பவர் ரங்கண்ணன். வெடிச் சத்தத்திலேயே ஆயுளைக் கழித்தவர் — காது மந்தம். அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். எத்தனை துளையோ அத்தனை கூழாங்கல்லைத் தோட்டத்துச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட்டு, ரங்கண்ணன் ரோட்டில் வண்டிகளை மறிக்கப் போய்விடுவார். ஒரு வெடிக்கு ஒரு கல் கீழே போட வேண்டும். கையில் கல் மிச்சமிருந்தால் மறுநாள்வரை யாரும் இறங்கக் கூடாது.

அன்றைக்கு ஐந்து கல்.

என் மைத்துனன் வந்திருந்தான். கிணற்றுப் பாறையில் ஓடிய கறுப்புப் பட்டையைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, "கல்லுல என்னங்க மச்சான் தினுசு? கல்லு கல்லுதானுங்க" என்றான்.

விடுவேனா? பாலக்காட்டில் காலேஜ் படித்தவனாயிற்றே!

பூமிக்குள் கல் குழம்பாகக் கொதிக்கிறது என்று ஆரம்பித்தேன். ஆழத்திலேயே மெல்ல ஆறினால் கல்லுக்குள் மின்னும் மணி பெரிதாக விளையும் — கிரானைட். மேலே பொங்கி வந்து சட்டென்று ஆறினால் மணி கண்ணுக்கே தெரியாது — பஸால்ட். நம் கிணற்றுக் கறுப்பு இரண்டுக்கும் நடுவில். பழைய பாறையின் வெடிப்பில் குழம்பு ஏறி இறுகியது — டோலரைட். மணியைப் பார்த்தால் ஆறின வேகம் தெரியும். நிறத்தைப் பார்த்தால் உள்ளே இருக்கும் சரக்கு தெரியும். வெளுப்பென்றால் மணல் சத்து அதிகம், கறுப்பென்றால் இரும்பு...

"இந்தா மாப்பிள்ளை, இதுல மணியைப் பாரு" என்று கையிலிருந்த ஐந்தில் புள்ளி போட்ட ஒன்றை எடுத்து அவனிடம் கொடுத்தேன்.

ஆமாம். கொடுத்தேன்.

நாலு வெடி கேட்டது. பேச்சு வாக்கில் நாலு கல்லைப் போட்டேன். கை காலி. இறங்கலாம் என்று சொல்லியும் விட்டேன்.

"அந்தக் கறுப்புல மணியே காணோமுங்களே. சும்மா அளக்கறீங்க!" என்று மைத்துனன் சீண்டினான். எனக்கோ புதிதாக உடைந்த துண்டு உடனே வேண்டும். பதினாலு வயது மகள் வள்ளியம்மையைக் கூப்பிட்டேன். "ஓடிப்போய் ஒரு கறுப்புத் துண்டு எடுத்துட்டு வா கண்ணு."

நானே ஏன் போகவில்லை? வேட்டி புதிது.

அவள் பாதிப் படி இறங்கியிருப்பாள். மைத்துனன் உள்ளங்கையை நீட்டினான். "மச்சான், இந்தக் கல்லையும் கீழ போட்டரட்டுமுங்களா?"

கிணற்றை எட்டிப் பார்த்துக் கத்தினேன். "ஏறு... ஏறு வள்ளி!"

அவள் அண்ணாந்து பார்த்தாள். "ஏனுங்கப்பா, கல்லு வேண்டாமுங்களா?"

"ஏறு!"

அவள் கரையில் கால் வைத்து நாலடி ஓடி வந்தாள். கிணற்றுக்குள் ஐந்தாவது வெடித்தது. ஒரு துண்டு பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. கிரானைட்டா, டோலரைட்டா — பார்க்கவில்லை. மகள் தலையில் படிந்த கல்பொடியைத் தட்டிவிட்டேன்.

நேரம் கழித்துத் தரை அதிர்ந்ததில் விஷயம் புரிந்து ரோட்டிலிருந்து ஓடி வந்தார் ரங்கண்ணன். மூச்சு வாங்க எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் பக்கம் திரும்பாமல் மகளிடம் சொன்னார்:

"நாளையிலிருந்து நீ எண்ணு அம்மிணி. உங்கய்யன் பேசிட்டு இருக்கட்டும்."