ஊன்றுகோலைக் கை மாற்றியவர்

வாசகரே, என் பிழைக்கு நீங்களே சாட்சி. ஊத்தங்கரையில் நடந்த சொற்போரில், ஆதிக் கிறிஸ்தவத் திருச்சபையில் அற்புதமாய் நோய்கள் தீர்ந்தன என்பதை நான் மறுத்துப் பேசினேன். எதிரணியில் இருந்தவர் சூம்பிய இடக்காலும் வெளுத்த கோட்டும் உடைய ஓர் உபதேசியார். பேசுமுன் ஊன்றுகோலைக் கை மாற்றிக்கொள்வது அவர் வழக்கம்.

"இயேசுவின் அப்போஸ்தலர் தொட்டால் முடவர் நடந்தனராம். ஐயாவின் காலை ஏன் எவரும் தொடவில்லை?" என்றேன். அவை சிரித்தது.

கோல் கை மாறியது.

"ஊரார் நோவெல்லாம் தீர்த்த அப்போஸ்தலர் பவுலுக்கே தன் நோவு தீரலீங்க, தம்பி. அதுக்காக அவரு நடக்கறத நிறுத்துனாரா? நானும் சாமல்பட்டியில இருந்து இத்தன தூரமும் நடந்துதான் வந்தேன். நீங்க பஸ்ஸுல வந்தீங்களாமே?"

இப்போது அவை என்னைப் பார்த்துச் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை.

அற்புதங்களை நான் இன்றும் நம்பவில்லை. ஆயினும் அன்று மீண்டும் மேடையேறி உரக்கச் சொன்னேன்: "இனி எந்த மனிதரின் உடலையும் என் வாதத்திற்குச் சான்றாக்க மாட்டேன்."