மாடி வீட்டில் விட்ட ஸ்பேனர்

அந்த ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தெருவில் ‘மறதி’ என்று பெயர். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலை முடித்த வீட்டில் ஏதாவது ஒரு கருவியை விட்டுவிட்டு வந்துவிடுவார். மறுநாள் போய் அசடு வழிய நிற்பார். உட்காரச் சொல்வார்கள். டீ வரும், பேச்சு வரும், பொழுது போகும். மனைவி இறந்துபோன பிறகு தொற்றிய வியாதி இது. வயசாகிறதல்லவா என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அன்று மாடி வீட்டு டீச்சர் கதவைப் பாதிதான் திறந்தார். கையில் ஸ்பேனர் தயாராக இருந்தது.

“போன தடவ டெஸ்டர், இந்தத் தடவ ஸ்பேனர். பார்த்து எடுத்துட்டுப் போகக் கூடாதாண்ணே? வீட்டுல ஆள் வந்திருக்காங்க.”

ஸ்பேனர் கைக்கு வந்ததும் கதவு மூடிக்கொண்டது. அவருக்குச் சுருக்கென்றது. ‘பெரிய இவங்க’ என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார். கோபம் தெருமுனையோடு தீர்ந்துபோனது. அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு நடந்தார். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார், எழுந்தார். இருப்புக்கொள்ளவில்லை.

எந்த ஃப்ரிட்ஜுக்கும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இந்தத் தொந்தரவு எப்போ வருது, எப்போ வரல?” பாதிப் பழுது அதிலேயே பிடிபட்டுவிடும். வேறு வேலை இல்லாததால் அதைத் தன்னிடமே கேட்டுவைத்தார். காவல்காரர் சாவி கொடுத்து அனுப்பும் காலி வீடுகளில் ஒரு திருகாணிகூட விட்டு வந்ததில்லை. சிரித்துப் பேசிய வீடுகளில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. மறதியாவது மண்ணாங்கட்டியாவது. பேச ஆள் தேடி அலைந்திருக்கிறார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அன்று தெரிந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

வீட்டில் அவருடைய ஃப்ரிட்ஜ் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஊரார் ஃப்ரிட்ஜையெல்லாம் அடக்கியவர் இதை மட்டும் தொட்டதில்லை. சத்தம் இருந்தால் உள்ளே யாரோ புழங்குவதுபோல இருக்கும். அதே ஸ்பேனரால் பின்னாலிருந்த தளர்ந்த போல்ட்டை முறுக்கினார். சத்தம் நின்றதும் பயமாக இருந்தது. செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

“தனியாத்தான் இருக்கேன்,” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. பயம் மட்டும் கொஞ்சம் இறங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தாள். எப்போது கூப்பிட்டாலும் “வேலையா இருக்கேம்மா” என்று வைத்துவிடுகிறவர் அவர்.

“என்னப்பா, சத்தமே இல்ல. எங்க இருக்கீங்க?”

“வீட்டுலதாம்மா,” என்றார். “ஒத்தையா இருக்கு. கொஞ்ச நேரம் பேசு.”