அலையில்லாக் கடலில் லூபின் மூட்டை

கிரேக்க நாட்டின் மானிக் கரையில், எங்கள் ஊர்ப் பாறைகளில் கட்டி கடலுக்குள் இறக்கிய சாக்கு மூட்டைகளை யாரும் திருடுவதில்லை. உள்ளே இருப்பது லூபின் பயறு. மஞ்சளாய், தட்டையாய், பார்த்தால் கைவைக்கத் தோன்றும். வேகவைத்து, பல நாள் கடலில் ஊறவிட்டு, விஷம் கரைந்துபோன பிறகு தின்றால் அருமையான தீனி. அவசரப்பட்டால் வாய் உலரும், நாக்கு குழறும், கண்மணி விரிந்து எதிரில் இருப்பதே கலங்கும். பயறு வெந்த தண்ணீரை ஆடு வாய்வைக்காத இடமாகப் பார்த்துத்தான் கொட்டுவோம்.

தவக்காலம் தொடங்கும் திங்களன்று ஊர்ப் பந்தியில் வைக்கும் லூபின், மெத்தாக்ஸியா வீட்டிலிருந்துதான் வரும். அவள் கைப்பயறு தின்று ஒருவருக்கும் தலை சுற்றியதில்லை. மூட்டையின் நடுவிலிருந்து ஒரு பயறை எடுப்பாள். நல்ல தண்ணீரில் அலசுவாள், தோலை உரிப்பாள், மெதுவாக மென்றுவிட்டுக் காத்திருப்பாள். கடல் உப்பு முதலில் வந்து நாக்கை ஏமாற்றும். கசப்பு பிறகுதான் அடித்தொண்டையில் தெரியும்.

காத்திருக்கத் தெரியாதவர் அவள் புருஷன் அனார்கிரோஸ். கல்யாணமான புதிதில் பாதி ஊறிய மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சாராயத்தோடு விழுங்கிவிட்டு, முற்றத்து அத்திமரத்தை மச்சான் என்று கூப்பிட்டு நலம் விசாரித்தவர். “நெசமான மச்சானை விட அது மரியாதையா பேசுச்சு” என்று இன்றும் சொல்வார்.

இந்த ஆண்டு பந்திக்குக் கொஞ்ச நாள் முன்பு மெத்தாக்ஸியாவுக்குக் கடும் சளிக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, நாக்கின் ருசியையும் கொண்டுபோய்விட்டது. காப்பி வெறும் சுடுதண்ணீராக இருந்தது. பந்திக்கு முந்தின நாள் மூட்டையைத் தூக்கிப் பயறை மென்றாள். ஒன்றும் தெரியவில்லை.

அனார்கிரோஸ் ஒன்றை வாயில் போட்டார்.

“சக்கரை மாதிரி இருக்குடி.”

“நான் உப்பை மறந்து சூப்பு வச்சப்பவும் இதையேதான் சொன்ன. ஊரே திங்கப்போவுதுய்யா. உன் வாயை நம்பி நான் எவனையும் சாகக் கொடுக்க மாட்டேன்.”

“வேற யாரைக் கேக்கப்போற?”

“கனேல்லாவை.”

அவர் சிரித்தார். பக்கத்து வீட்டுக் கனேல்லாவுக்கும் இவளுக்கும் மழைநீர்த் தொட்டி விஷயத்தில் வருடக்கணக்காகப் பேச்சு இல்லை. பந்தியில் மட்டும், “தோல் தடிப்பு”, “போன வருஷத்துதே தேவல” என்று இவள் காதில் விழும்படி கனேல்லா சொல்வாள்.

“அவ தேனையும் கசப்பும்பா” என்றார்.

“குறை இருந்தா மறைக்க மாட்டால்ல. பொய் சொல்றாளான்னு கண்டுபிடிக்க எனக்குத் தெரியும்.”

அன்று காலைதான் வேகவைத்து இறக்கிய இன்னொரு மூட்டையும் கடலில் இருந்தது. அதிலிருந்து ஒரு கிண்ணம், பந்தி மூட்டையிலிருந்து ஒரு கிண்ணம். ஒரே மாதிரிக் கிண்ணங்கள். இரண்டையும் ஏந்திக்கொண்டு கனேல்லாவின் கதவைத் தட்டினாள்.

“அடடே, யாரு? வழி தவறிட்டியா?”

“எனக்கு நாக்கு செத்துப்போச்சு. ரெண்டையும் மென்னு சொல்லு. விழுங்காத.”

கனேல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மெத்தாக்ஸியாவின் முகத்தைப் பார்த்ததும் கிண்ணங்களை வாங்கிக்கொண்டாள். முதல் கிண்ணத்துப் பயறை மென்ற உடனே துப்பினாள்.

“சனியனே, கொல்லப் பாக்கிறியா!”

வாயைக் கொப்பளித்துவிட்டு இரண்டாவதை மென்றாள். சுவரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு அதையும் துப்பினாள்.

“இதுல அந்த அளவு இல்ல. ஆனா அடியில கசப்பு நிக்குது. நாளைக்கு இதையா வைக்கப்போற?”

முதல் கிண்ணம் புது மூட்டையுடையது. பொய் சொல்ல நினைத்திருந்தால் இரண்டையும் ஒரே மாதிரி பழித்திருப்பாள். இரண்டாவதையும் நம்பத்தான் வேண்டும்.

“எத்தனையோ வருஷமா இதே கணக்குதானே! இவ்வளவு நாள் ஊறினா போதுமே” என்றார் அனார்கிரோஸ், அவள் வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னதும்.

மெத்தாக்ஸியா கடலைப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்கக் காற்றே இல்லை. நாங்கள் எல்லாரும் நல்ல வெயில் என்று வெளியே நாற்காலி போட்டு மகிழ்ந்திருந்தோம். தண்ணீர் எண்ணெய் போல் அசையாமல் கிடந்தது. மூட்டையைப் புரட்டிக் கசப்பை இழுத்துப்போக அலை வேண்டும். நாட்களை மட்டும் எண்ணினோம், அலையை யாரும் எண்ணவில்லை.

மூட்டை கடலுக்கே திரும்பியது.

மறுநாள் பந்தியில் எள் ரொட்டி இருந்தது, ஆலிவ் இருந்தது, ஆக்டோபஸ் இருந்தது. லூபின் தட்டு இல்லை. முணுமுணுப்பு எழுமுன் மெத்தாக்ஸியாவே எழுந்தாள்.

“பயறு இன்னும் கசக்குது. எனக்கு இப்ப ருசி தெரியல, கனேல்லா பாத்துச் சொன்னா. சரியானதும் தர்றேன்.”

“உன் பயறு இல்லாம என்னம்மா பந்தி?” என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

“அத்திமரத்தோட பேசணும்னா வாங்க, இப்பவே எடுத்துத் தர்றேன்.”

அனார்கிரோஸ்தான் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தார்.

செவ்வாயன்று தென்மேற்குக் காற்று கிளம்பியது. அலை பாறையில் அறைந்தது. கனேல்லா தினமும் பாறைக்கு வந்தாள், காற்றைத் திட்டினாள், வழுக்கலைத் திட்டினாள், ஒரு பயறை மென்று துப்பிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்குக் கிளம்புமுன் மென்றதை மட்டும் அவள் துப்பவில்லை.

“என்ன?” என்றாள் மெத்தாக்ஸியா.

கனேல்லா கையை நீட்டினாள்.

“இன்னும் நாலு குடு. ஒண்ணை வச்சு எப்படிச் சொல்றது?”