அருவிக்குப் போய்விட்டவள்

அந்தத் தொடரை மதினிக்கு முதலில் பிடிக்கவில்லை. மதினி என் கணவரின் அக்கா. தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர்கள். ஆற்றங்கரைக் குறுக்குத்துறைக்குப் போகும் வழியில் இருந்த வீட்டில் எங்களோடுதான் இருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிது. வாரம் ஒருநாள் விளக்கேற்றிய பிறகு அந்தத் தொடர் வரும். கதாநாயகி காலேஜில் பாடம் நடத்துகிறவள். பேசிக்கொண்டே இருக்கும்போது குரல் மாறிவிடும். சின்னப் பிள்ளையாகி மேஜைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்வாள். பிறகு நடந்தது எதுவும் அவளுக்கு நினைவிருக்காது. சிறு வயதில் பட்ட வேதனையால் ஒருத்தி இரண்டு பேராகிவிட்டாள் என்று தொடரில் வரும் டாக்டர் சொல்வார்.

"என்ன கூத்துட்டி இது!" என்பார்கள் மதினி. ஆனாலும் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளை வருகிற காட்சியில், உரித்துக்கொண்டிருக்கும் பூண்டு கையிலேயே நின்றுவிடும். டிவி வெளிச்சம் முகத்தில் நீலமும் வெள்ளையுமாக ஓடும். நான் கூப்பிட்டால் காதில் விழாது. எனக்கு அது புதிதில்லை. குழாயைத் திறந்துவிட்டு, குடம் வழிவது தெரியாமல் நிற்பார்கள். 'அக்கா கனாக் கண்டுட்டு நிக்கா' என்று என் கணவர் சிரிப்பார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். தண்ணீர் மேல் பனி புகையாக நின்றது. அக்கரை தெரியவில்லை. கழுத்தளவு தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதினி பேசினார்கள்.

"அந்தப் பிள்ளை எங்கன போகும்னு எனக்குத் தெரியும்ட்டி."

"எந்தப் பிள்ளை மதினி?"

"டிவியில வாறவ."

என் மாமனார் மணிமுத்தாறு அணையில் வேலை பார்த்தவர். அங்கேயே குவார்ட்டர்ஸ். பள்ளிக்கூடத்துக்காக மதினியை ஏழு வயதில் டவுனில் பெரியப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் பெல்ட்டால் அடிப்பாராம். பிறகு விறகு போட்டிருந்த அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவாராம்.

"மொதல்ல அழுவேன். பெறவு அழுகுறது யாரோன்னு ஆயிரும். நான் மணிமுத்தாறு அருவிக்குப் போயிருவேன். தண்ணி விழுற சத்தம் கேக்கும், மூஞ்சில சாரல் அடிக்கும். கதவைத் தெறக்கும்போது பாவாடை காஞ்சு கெடக்குதேன்னு ஆச்சரியமா இருக்கும். அடி வாங்குனவ வேற ஒருத்தி. அவளை அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்."

"இப்பவும் அப்படி ஆகுதா மதினி?"

"ஆபீஸ்ல யாராவது சத்தம் போட்டா போதும். டைப் அடிச்ச தாள் முன்னால இருக்கும். அடிச்சது யாருன்னு தெரியாது."

பைய நகர்ந்து பக்கத்தில் போய் நின்றேன். ஆறு எங்கள் இருவரையும் சேர்த்தே தள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் தொடரில் அந்த டாக்டர், "சின்னப் பிள்ளையை விரட்டிவிட்டால் நோய் தீர்ந்துவிடும்" என்றார். மதினி எழுந்து டிவியை அணைத்தார்கள். "அவ என்ன பாவம் பண்ணுனா, விரட்டுததுக்கு?" என்று கேட்டார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார். வயதான பெண்மணி. கூட்டிக்கொண்டு போக எனக்குப் பல வாரம் ஆயிற்று. மதினி உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அவளை அனுப்பிருவீங்களா?" என்பதுதான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யாரையும் அனுப்ப வேண்டாம்மா. அவளும் நீங்கதான். அவ்வளவு வலியையும் அவ ஒருத்தியே சுமந்திருக்கா. இனிமே நீங்களும் கொஞ்சம் வாங்கிக்கலாம். அவசரமில்ல."

அதன்பின் மதினி மாதாமாதம் போனார்கள். சில மாதம் தெளிவாக இருப்பார்கள், சில மாதம் மறுபடி குடம் வழியும். தொடர் எப்போது முடிந்தது, எப்படி முடிந்தது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அடுத்த வருஷம் தைக்குள் மதினியே மணிமுத்தாறு போகலாம் என்றார்கள். மாமனார் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் அவர்கள் அங்கே போனதே இல்லை. மூன்று பேரும் போனோம். அருவிக்குக் கீழே ஆழமாகத் தண்ணீர் தேங்கிய கசம் பச்சையாகக் கிடந்தது. சாரல் பட்டு மரங்களெல்லாம் பாதிதான் தெரிந்தன. மதினி சேலையோடு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் அருவிக்கு நேர் கீழே நின்றார்கள். வெளியே வந்ததும் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"குளுருதுட்டி. இவ்வளவு குளுரும்னு நான் நெனைக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டு, வாய்விட்டு அழுதார்கள்.

என் கணவர் துண்டோடு ஓடி வந்தார். பாறையில் உட்கார்ந்து அவரிடம் மதினியே எல்லாவற்றையும் சொன்னார்கள். அருவிச் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் கடைசியில், "ஏன்க்கா எங்கிட்டச் சொல்லவே இல்ல?" என்றார்.

"நீ அப்ப கைப்பிள்ளைலே. ஒங்கிட்ட என்னத்தச் சொல்ல?"

அவர் அக்காவின் ஈரத் தலையைத் துவட்டத் தொடங்கினார். துவட்டத் தெரியாமல், முடியையெல்லாம் சிக்காக்கினார். "பைய, பைய" என்று மதினி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தலையை மட்டும் நகர்த்தவில்லை.