பஜ்ஜிக்கு இறங்கிய கல்யாணப் பெண்

எங்கள் அப்பா, நைனா, இறந்த பிறகு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழைய கதைகளைச் சொல்லும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளியில் படித்தவர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. அதனால் எழுதாமல் பேசி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியில் என் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, போனை வாயருகே வைத்துக்கொண்டு ஒரு கதை. சொல்லாவிட்டால் எல்லாம் நைனாவோடு போய்விடுமே என்ற பயம் எனக்கு. கேட்டவர்கள் பாராட்டியதும் பிடித்திருந்தது.

அப்படித்தான் ஒரு வாரம் அக்காவின் பஜ்ஜிக் கதையைச் சொன்னேன்.

அக்காவின் கல்யாணம் முடிந்து, சித்தூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து நாயுடுபேட்டை மாப்பிள்ளை வீட்டுக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். காளஹஸ்தி பஸ் ஸ்டாண்டு அருகே டீக்கு நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கல்யாணப் பெண்ணைக் காணோம். இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பக்கம் தேடினோம். கடைசியில் பார்த்தால், பட்டுப்புடவையோடு நைனா பக்கத்தில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். "புள்ளைக்குப் பசி. அதான் துன்னுக்கினு இருக்குது" என்றார் நைனா. எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். பிறகு ஒவ்வொரு விசேஷத்திலும் அதைச் சொன்னேன். புடவையில் எண்ணெய் வழிந்தது, இன்னொரு தட்டு கேட்டாள் என்றெல்லாம் நானாகச் சேர்த்தும் வைத்திருந்தேன்.

குழுவில் சிரிப்புப் படங்கள் குவிந்தன. அக்காவின் மகளே, "அம்மா, நீயா இது!" என்று தெலுங்கில் போட்டிருந்தாள். அக்கா மட்டும் எதுவும் போடவில்லை. என் போனையும் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு பஸ் ஏறி நாயுடுபேட்டைக்குப் போனேன்.

அக்கா கோபத்தைக் காட்டவில்லை. சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து கேட்டாள்.

"நான் பஜ்ஜிக்காடி எறங்கனேன்? சித்தூர் பஸ்ல ஏறி உக்காந்துக்கினு இருந்தேன்."

"சித்தூருக்கா? எதுக்குக்கா?"

"ஆஸ்டலுக்குப் போலாம்னு. டீச்சர் ட்ரெயினிங் இன்னும் ஒரு வருசம் இருந்துச்சே. நைனாதான் வந்து பாத்தாரு. திட்டல. 'எறங்கும்மா, அவங்க வராங்க'ன்னாரு. எறங்கனேன். பஜ்ஜி வாங்கி கையில குடுத்து, 'துன்னு, துன்னுக்கினே இரு'ன்னாரு. அதுக்குள்ள மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க."

நான் எழுந்து கை கழுவிவிட்டு வந்து அவளருகே உட்கார்ந்தேன்.

"நைனா அந்தக் கதைய ஒருவாட்டி சொன்னாரு, என்னக் காப்பாத்த. நீ எத்தினிவாட்டி சொன்ன?"

நான் அந்தக் கதையை ஆரம்பித்தாலே நைனா எழுந்து வெளியே போய்விடுவார். பீடி பிடிக்கப் போகிறார் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"நடந்ததை நானே குழுவுல சொல்லிடறேன்க்கா."

"அதயும் நீயே சொல்லணுமா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போனீலே. வுடு. எம் பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்."

திரும்பி வரும் பஸ்ஸிலேயே பதிவை அழிக்கப் பார்த்தேன்; நாள் கடந்துவிட்டதால் என் போனில் மட்டும்தான் அழிந்தது. எப்படியும் எல்லோரும் கேட்டாயிற்று. சந்திரகிரியில் ஒரு பேர் வைக்கும் விசேஷத்தில், சொந்தக்காரப் பெண் ஒருத்தி புதிதாக வந்தவர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சேர்த்த எண்ணெயும் இன்னொரு தட்டும் அதில் இருந்தன. பொய் என்று சொன்னால் நிஜத்தைச் சொல்ல வேண்டிவரும். "சின்னம்மா சொன்னா இன்னும் நல்லா இருக்கும்" என்று என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சில மாதங்கள் கழித்து அக்கா மகள் கூப்பிட்டாள். "அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க சின்னம்மா. நடந்தத நீங்க எழுதி வெக்கணுமாம். யார் பேரும் வாணாமாம்." கொஞ்சம் நிறுத்தி, "நானும் சிரிச்சேனே" என்றாள். அன்றிரவே எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடித்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"வாணாம்டி. நீ எழுதிக்கோ. எனக்குப் படிச்சிக் காட்டாத" என்றாள்.

சரி என்றேன்.