இருபத்து மூன்று நாள் வராதவள்

குழந்தைகள் வார்டில் அவளுக்கு மிளகாய் சிஸ்டர் என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல எவருக்கும் துணிச்சல் கிடையாது, முதுகுக்குப் பின்னால்தான். அது அவளுக்கும் தெரியும். "காரம் இருந்தாத்தான் இங்க வேலை நடக்கும். வெல்லமா இருந்தா எறும்புதான் மொய்க்கும்" என்பாள். பத்தொன்பது வருடமாக அதே வார்டு. இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு சுருண்டு பச்சையாகப் புடைத்துவிட்டது. இனி ரொம்ப நாள் நிற்க முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார், கால்களும் சொல்லிவிட்டன.

அதனால்தான் நாற்பத்து மூன்று வயதில் நர்சிங் முதுகலைப் படிப்புக்கு மனுப் போட்டாள். அதை முடித்தால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற நர்சிங் கல்லூரியில் ஆசிரியை ஆகலாம். உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பதற்காக மட்டும் இல்லை. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஊசி குத்த நரம்பு தேடத் தெரியாமல் வந்து நிற்கிற புதுப் பெண்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரியும். "இதுங்களுக்கு எவ பாடம் எடுத்தா?" என்று வருடக்கணக்கில் திட்டி அலுத்து, நாமே போய் எடுத்தால் என்ன என்று கிளம்பியவள்.

சேருவதற்குள்ளேயே தாவு தீர்ந்துவிட்டது. வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டே இடம். வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அனுபவத்துக்கு ஒரு சான்று, அந்தச் சான்று உண்மை என்பதற்கு இன்னொரு சான்று. எல்லாம் நீல அட்டை போட்ட விதிப் புத்தகத்தில் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் இரண்டு விதிதான் அவள் தலைக்கு மேல் தொங்கின. வருகை நூற்றுக்கு எண்பது இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. இரண்டு வருடப் படிப்பை, என்ன காரணம் சொன்னாலும், சேர்ந்த நாளிலிருந்து நான்கு வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

முதல் வருடத்தின் பாதியில் அவள் புருஷன் ஓட்டிய பஸ் கவிழ்ந்து அவருக்குத் தொடை எலும்பு நொறுங்கியது. ஒன்றரை வருடம் படிப்பை நிறுத்திவிட்டு அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். விதி அதற்கு இடைவெளி கொடுத்தது. ஆனால் நான்கு வருடக் கணக்கில் ஒரு நாளைக்கூடக் கழிக்கவில்லை. அடித்துப்பிடித்துத் திரும்பி வந்து இறுதியாண்டுக்கு வந்தபோது, எழுதினால் இந்தத் தேர்வு, விட்டால் பெயரையே எடுத்துவிடுவார்கள். புதிதாகச் சேர வயதும் இல்லை.

அந்த இறுதியாண்டு மழையில்தான் சாக்கடைத் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாயில் கலந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக வந்து விழுந்தன. முப்பது கட்டிலில் எழுபது பிள்ளைகள். கட்டிலுக்கு அடியில் தாய்மார்கள். நர்சுகளிலேயே பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் தன் ஆய்வுக்குக் கணக்கெடுக்க வார்டுக்கு வந்திருந்தாள். கூட அவள் வகுப்புத் தோழி குருவி. இருபத்தாறு வயசு, ஒல்லி, கீச்சுக்குரல். கல்லூரியிலிருந்து நேராகப் படிக்க வந்தவள், எந்த ஆஸ்பத்திரியிலும் இன்னும் வேலைக்குச் சேராதவள். அவள் அப்பா லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்.

மத்தியானம் மூன்று மணிக்கு வார்டு போன் அடித்தது. பேசியவர் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். குழந்தை மருத்துவரும் அவர்தான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறவர் என்பதால் நர்சுகள் அவருக்கு வைத்த பெயர் விலாங்கு.

"சிஸ்டர், நீங்களா? நல்லதாப் போச்சு! கூட அந்தப் பொண்ணும் இருக்கா? ரெண்டு பேரும் அங்கயே இருங்க. நான் சொல்ற வரைக்கும் ட்யூட்டி பாருங்க. காலேஜ்ல நான் பேசிக்கறேன்."

பேசிக்கிறாராம்! பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இருபத்து மூன்று நாள் இருவரும் அங்கேயே கிடந்தார்கள். காலையில் வந்ததும் மிளகாய் சிஸ்டரின் கை பத்தொன்பது வருடப் பழக்கத்தில் நேராக நர்சுகளின் ட்யூட்டிப் பதிவேட்டுக்குப் போகும், படிப்பு விடுப்பில் போனபிறகும் அழிக்காமல் விட்டிருந்த தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போடும். மாணவிகளுக்கென்று கொடுத்த பயிற்சிக் குறிப்பேடு எதிர்ப்பக்கக் கல்லூரியில் பூட்டிய பெட்டிக்குள் தூங்கியது. அதில் அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்கினால்தான் வருகையில் சேரும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. சலைன் பாட்டில் மாற்றுவதா, நோட்டைத் தேடி ரோடு தாண்டுவதா? குருவிக்குப் பதிவேட்டில் பெயரே இல்லை. குருவி கொடுத்த மருந்துக்கெல்லாம் பொறுப்பான சிஸ்டர் என்று மிளகாய்தான் கையெழுத்துப் போட்டாள். இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. மற்றதெல்லாம் அம்மா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போயின. விலாங்குக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்துத் தேர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். மிளகாய் பெயரும் இல்லை, குருவி பெயரும் இல்லை. வருகை இருவருக்கும் எண்பதுக்குக் கீழே. மற்ற விடுப்புகளோடு அந்த இருபத்து மூன்று நாளும் வரவில்லை என்று கணக்கு.

"வரலையா? எங்க வரல? ரோட்டுக்கு அந்தப் பக்கம் பொணம் தூக்கிட்டிருந்தேன்யா!" என்று கல்லூரி எழுத்தரின் மேசையை அடித்தாள். அடித்ததோடு விடாமல், ட்யூட்டிப் பதிவேட்டில் தன் பெயர் இருந்த பக்கத்தை நகல் எடுத்து, மேல்முறையீடு எழுதி இணைத்துக் கொடுத்தாள். நான்காம் நாள் பதில் வந்தது. முழுநேரப் படிப்பில் இருக்கிற மாணவி வேறு பணி செய்தது அவரது கையெழுத்தாலேயே உறுதியாகிறது. ஆகவே சேர்க்கையை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு விளக்கம் தரவும். உதவி கேட்கப் போனவள் கையில் விலங்கு மாட்டி அனுப்பிய மாதிரி இருந்தது.

எழுத்தர் நல்ல மனுஷன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேடம், கோபப்படாதீங்க. ஒரு வழி இருக்கு. சொந்த உடம்பு சரியில்லன்னா பத்து சதவீதம் வரைக்கும் விலக்கு உண்டு. அந்த இருபத்து மூணு நாளும் டைபாய்டுல படுத்திருந்தேன்னு எழுதிக் குடுங்க. பெரிய டாக்டரே சர்டிபிகேட் தர்றேங்கறார்."

"யாரு, விலாங்கா? என்னை ட்யூட்டி பாக்கச் சொன்ன வாயே, நான் படுத்துக் கெடந்தேன்னு சொல்லுமா?"

"உங்களுக்குத் தேர்வு வேணுமா வேணாமா?"

வேண்டும். உயிரைக் கொடுத்தாவது வேண்டும். ஆனால் நர்சுகளுக்கு முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் ஒன்று உண்டு: எழுதாதது செய்யாதது. அவள் எழுதியிருந்தாள். எழுபது பிள்ளைகளின் மருந்துத் தாளிலும், வேளாவேளைக்கு, அவள் கையெழுத்து இருந்தது. அவள் படுத்துக் கிடந்தாள் என்றால் அந்த மருந்தையெல்லாம் கொடுத்தது பேயா? முடியாது என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் வெளியே அழுதுகொண்டு நின்ற குருவியிடம் வேறு மாதிரிச் சொன்னாள். "நீ எழுதிக் குடுத்துடுடி. உன் பேரு பதிவேட்டுல இல்ல, ஒருத்தனும் தோண்ட மாட்டான். உங்கப்பா முதுகப் பாத்திருக்கேன். வீம்பு எனக்குப் போதும், உனக்கு வேணாம்."

குருவி எழுதிக் கொடுத்தாள். விலாங்கு சான்றிதழ் கொடுத்தார். இரண்டே நாளில் குருவி பெயர் பட்டியலில் ஏறியது. மிளகாய் சிஸ்டருக்கு மட்டும் விசாரணைக் குழு.

குழுவுக்கு முந்தின நாள் விதிப் புத்தகத்தை மறுபடியும் புரட்டினாள். எழுபத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரி மாட்டியது: மருத்துவமனைத் தலைவர் ஆணையிட்டு அனுப்பும் வார்டுப் பணி, பயிற்சியாகவே கருதப்படும். அட! அப்படியானால் விலாங்கு சொல்லித்தான் போனேன் என்று காட்டினால் போதுமே. ஆனால் அவர் வாயால் சொன்னதற்கு எழுத்து எங்கே இருக்கிறது என்று யோசித்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிறது!

வார்டில் போனுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த நோட்டு இருக்கும். டாக்டர் போனில் மருந்து சொன்னால் ஒரு சிஸ்டர் அதில் எழுதி, எழுதியதை உரக்கத் திருப்பிப் படிக்க வேண்டும். இன்னொருத்தி கேட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் ஒரு நாளைக்குள் வந்து தன் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். போனில் டாக்டர் குரல் கேட்டாலே அவள் கை அந்த நோட்டுக்குப் போய்விடும், வேலை அப்படிப் பழக்கி வைத்திருந்தது. அன்றைக்கும் போயிருந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தைத் திருப்பினாள். தேதி, மூன்று மணி, கண்காணிப்பாளர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை, "திருப்பிப் படிக்கப்பட்டது". அதற்குக் கீழே அடுத்தடுத்த நாட்களில் அவர் போனில் சொன்ன ஏழு மருந்துகள். எட்டு வரியிலும் டாக்டர் கட்டம் காலி. ஒன்றில்கூட அந்த மனுஷர் கையெழுத்துப் போடவில்லை.

"நாளைக்கு இருக்குடா உனக்கு" என்று நோட்டை மூடினாள். வார்டுப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு அதைக் கையோடு எடுத்துப் போனாள். அந்தக் கோபத்தில் சாட்சிக் கட்டத்தை அவள் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்? தனக்கு வேண்டியது கிடைத்தவுடன் கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

குழுவில் மூன்று பேர். நடுவில் கல்லூரி முதல்வர் அம்மா, ஒரு பக்கம் பதிவாளர், மறுபக்கம் விலாங்கு. மிளகாய் சிஸ்டர் நோட்டை மேசையில் விரித்து வைத்தாள்.

"பாருங்கம்மா. எழுபத்தெட்டாம் பக்க விதி, இது அந்த ஆணை. நான் சொந்த விருப்பத்துல வேலைக்குப் போகல. சார் போன்ல சொன்னார், போனேன்."

முதல்வர் அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "கையெழுத்து இல்லையே?"

"அது சார் போட வேண்டியது. கீழ இருக்கற ஏழு மருந்துக்கும்தான் போடல. கையெழுத்து இல்லாததால இது செல்லாதுன்னா அந்த மருந்தும் செல்லாது. புள்ளைங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தோம்? கேளுங்க."

பதிவாளர் விலாங்கைத் திரும்பிப் பார்த்தார். விலாங்கின் முகத்தில் ஈயாடவில்லை. மிளகாய் சிஸ்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த ஆள் இப்படி முழித்து அவள் பார்த்ததில்லை. மாட்டினான் என்றுதான் நினைத்தாள்.

விலாங்கு நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். விரல் மெதுவாகக் கட்டம் கட்டமாக நகர்ந்தது. முதல் வரியின் சாட்சிக் கட்டத்தில் நின்றது. அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

"சாட்சி யாரு சிஸ்டர்? இந்தக் கையெழுத்து அந்தச் சின்னப் பொண்ணோடதுதானே? அவ அன்னிக்கு டைபாய்டுல படுத்திருந்தா. நான்தானே சர்டிபிகேட் குடுத்தேன். படுத்துக் கெடந்தவ எப்படி வார்டுல சாட்சி போட்டா?"



முதல்வர் அம்மா நிமிர்ந்தார். "ஒண்ணு இந்த நோட்டு பொய். இல்ல அந்தச் சர்டிபிகேட் பொய். பொய்ச் சான்று குடுத்துச் சேர்ந்தாலோ தேர்வுக்குப் போனாலோ என்ன விதின்னு உங்களுக்குத் தெரியும். சீட் ரத்து, மூணு வருஷத்துக்கு எந்தக் காலேஜ்லயும் சேர முடியாது. எது பொய்? நீங்களே சொல்லுங்க."

அந்தப் பாவி சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். ஆமாம், உட்கார்ந்துகொண்டான், இதற்கு மேல் அவனுக்கு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது? பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் அவன். ஆனால் "நோயாளி சொன்னதை நம்பினேன்" என்று ஒரே வரியில் நழுவிவிடுவான். சிக்குவது குருவி மட்டும்தான். அவளுக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தது யார்? மிளகாய் சிஸ்டருக்கு உச்சந்தலையில் பிடித்த கோபம் உள்ளங்கால் வரைக்கும் இறங்கியது. மேசையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க" என்றார் பதிவாளர்.

"முதல் வரிய விட்டுடுங்க. அப்படி ஒரு போன் வரல. நான் ஏதோ நெனப்புல எழுதிட்டேன். சாட்சிக் கையெழுத்தும் நான் போட்டதுதான்."

"அப்ப ஆணை இல்லன்னு ஒத்துக்கறீங்க?"

"ஒத்துக்கறேன். என் பேரை எடுத்துடுங்க." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து விலாங்கின் முன்னால் வைத்தாள். "ஆனா கீழ இருக்கற ஏழுக்கும் கையெழுத்துப் போடுங்க சார். அதுக்குச் சாட்சி எல்லாம் வேலையில இருந்த சிஸ்டருங்க, நல்லாப் பாத்துக்கோங்க."

"இப்ப எதுக்கு அது? பழைய கதை..."

"அஞ்சாவது வரியில இருக்கற புள்ள செத்துப்போச்சு. உங்களுக்குப் பழைய கதை. நாளைக்கு அவங்கம்மா வந்து எம்புள்ளைக்கு என்ன குடுத்தீங்கன்னு கேட்டா, இதுதான் குடுத்தோம், இவர் சொல்லித்தான் குடுத்தோம்னு நான் காட்டணும். போடுங்க. நீங்க போடாம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்."

பதிவாளர் தொண்டையைக் கனைத்தார். விலாங்கு பேனாவை எடுத்தான். ஒன்று, இரண்டு என்று ஏழு கையெழுத்து. அவள் பக்கத்தில் நின்று விரலால் வரியைக் காட்டிக் காட்டிப் போடவைத்தாள். ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போடுகிற அன்றைய தேதியையே எழுதவைத்தாள். முடித்த வேகத்தில் பேனா முதல் வரிக்கும் போனது. அவள் நோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கு வேண்டாம்னு சொன்னேன்."

வெளியே படிக்கட்டில் குருவி உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம், கண் கதவின் மேல். அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"அக்கா! நோட்டைப் பாத்துட்டு ஒத்துக்கிட்டாங்களா? நான் அப்பவே சொன்னேன்ல, நீங்க உள்ள போனா அவங்க ஆடிப்போயிடுவாங்கன்னு!"

மிளகாய் சிஸ்டர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"போய்ப் படி. பாஸ் பண்ணாம என் முன்னால வந்து நின்னே, கால ஒடிச்சிடுவேன்."

"உங்களுக்கு என்னாச்சுன்னு சொல்லுங்கக்கா."

"எனக்கு அட்டெண்டன்ஸ் பத்தலடி" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி வார்டுக்குப் போனாள்.