வெட்டிவிட்ட மூன்று அளவுகள்

மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளின் அப்பா சவூதியில் வேலையில் இருந்தார். கரம்பொன் வீட்டில் நானும் அவளும் மட்டும்.

ஆறு நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. நாளுக்கு மூன்று தரம் கமக்கட்டில் வெப்பமானி வைத்துப் பார்த்து, சதுரக் கொப்பியில் கட்டம் போட்டு எழுதினேன். முந்தின மாதம் இப்படித்தான் பதறி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கடைவாய்ப் பல் முளைக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் ஒரு பகிடி.

"பிள்ளை தும்மினாலும் நீர் பஸ் ஏறுவீர்" என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

அதனால் இந்த முறை நிதானமாக இருக்க நினைத்தேன். பதினெட்டு அளவுகளில் மூன்று நூற்றிநாலைத் தொட்டிருந்தன. மற்றவை தொண்ணூற்றொன்பதைச் சுற்றியே நின்றன. பள்ளிக்கூடத்தில் ஏ.எல். பௌதிகம் படிக்கும்போது ஊசல் பரிசோதனையில் ஒரு வாசிப்பு ஒட்டாமல் தூர நின்றால் அதை விட்டுவிட்டுச் சராசரி எடுப்போம். அப்படியே செய்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் இருந்தது. ஒரு நாள் பாதரசத்தை உதறி இறக்க மறந்திருப்பேன். ஒரு நாள் குளிரில் நடுங்குகிறாள் என்று போர்வையால் சுற்றியிருந்தேன். மற்ற நாள் வெயிலில் தூக்கி வந்தேன். மூன்றையும் கோடு போட்டு வெட்டி, மிச்சத்தைப் பதினைந்தால் வகுத்தேன். தொண்ணூற்றொன்பது தசம் ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை.

விடை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். சரியோ என்று கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. அடுத்த நாள் காலை, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று பஸ் ஏறினேன்.

டொக்டர் கொப்பியை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"இந்த மூண்டையும் ஆர் வெட்டினது?"

"நான்தான், டொக்டர். பிழையான அளவு எண்டு நினைச்சன்."

"எல்லாம் பின்னேரம் நாலு மணி. ஒண்டுவிட்டு ஒருநாள். நடுங்கினவளோ?"

"ஓம்."

"காய்ச்சலை வெட்டிப்போட்டு மிச்சத்துக்கெல்லோ சராசரி எடுத்திருக்கிறீர்" என்று சிரித்தார். பிறகு விரலில் குத்தி இரத்தம் எடுக்கச் சொன்னார். மலேரியா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டிய கோட்டுக்குக் கீழே எண்கள் தெளிவாகத் தெரிந்தன. நல்லவேளையாக அழிறப்பர் பாவிக்கவில்லை.

குளிசையை இடித்துச் சீனியில் குழைத்துக் கொடுத்தேன். துப்பினாள். திரும்பவும் கொடுத்தேன். அடுத்த கிழமை காய்ச்சல் முற்றாக விட்டு, அவள் சோறு கேட்டாள்.

சவூதியில் இருந்தவருக்குக் கடிதம் எழுதினேன். பிள்ளைக்கு மலேரியா வந்தது, இப்போது சுகம், யோசிக்க வேண்டாம். நான் மூன்று அளவை வெட்டிவிட்டு டொக்டரிடம் பிந்திக் காட்டியதை எழுதத் தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். அவ்வளவு தூரத்தில் இருப்பவர் அதை வைத்து என்ன செய்வார்?